யாருமே சிரிக்காத வகுப்பறை: ஜப்பானியப் பள்ளி அனிமேயின் அபத்தப் பகடியை ரசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு ரௌடிப் பள்ளி. சுவரெல்லாம் கிறுக்கல். வகுப்பில் இருக்கும் ஒவ்வொருவனும் பார்த்தாலே பயமுறுத்துகிற முகம். அவர்கள் நடுவே, கறுப்புச் சீருடை மாட்டிக்கொண்டு, ஒரு தகர உருளை உட்கார்ந்திருக்கிறது. பெயர் மெக்காசாவா. அடிவயிற்றிலிருந்து வரும் கம்பீரமான குரலில் பேசுகிறது. வகுப்பே அவனை மதிக்கிறது, ஆபத்து வந்தால் அவனைத்தான் தேடுகிறது. அவன் ஒரு ரோபோ என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

'குரோமார்ட்டி' என்ற அந்த அனிமேயை (ஜப்பானிய கார்ட்டூன் தொடரை) நான் பார்த்துக்கொண்டிருந்தபோது என் தங்கை பக்கத்தில் இருந்தாள். இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அது ரோபோதானே? ஏன் யாருமே கேக்க மாட்டேங்கிறாங்க?" என்றாள். அவள் கேட்டு முடிக்கும்போது நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வகை நகைச்சுவைக்குள் நுழைய அவளுடைய கேள்விதான் வாசல். வியக்க வேண்டிய இடத்தில் இங்கே யாரும் வியக்க மாட்டார்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் முகத்தை இறுக்கிக்கொள்வார்கள். அந்த உலகத்தை அவர்கள் எவ்வளவு தீவிரமாக நம்புகிறார்களோ, நமக்கு அவ்வளவு சிரிப்பு.

பலர் இரண்டு எபிசோடு பார்த்துவிட்டு "ஒண்ணுமே புரியல" என்று மூடிவிடுகிறார்கள். எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. ஜப்பானியர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழகிய சில விஷயங்கள் நமக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான் தடை. அதைத் தாண்டுவது கஷ்டமே இல்லை. ஒரு பத்துப் பதினைந்து நாள் இந்தப் படிகளில் போய்ப் பாருங்கள். எந்தத் தொடருக்குப் பின் எது என்பதைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

படி 1: எதைக் கலாய்க்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மூலம் தெரியாமல் பகடி ருசிக்காது. எனவே முதலில் சாதாரண ஜப்பானியப் பள்ளி.

அங்கே பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அதனால்தான் எத்தனையோ அனிமேக்களின் முதல் காட்சியில் செர்ரிப் பூ உதிர்கிறது. கட்டாயக் கல்வி நடுநிலைப் பள்ளியோடு முடிந்துவிடும். அதற்கு மேல் உள்ள மூன்று வருடத்துக்கு, அதாவது ஏறக்குறைய 15 வயதிலிருந்து 18 வரைக்கும், நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும். ஆகவே பள்ளிகளுக்குள் உயர்ந்தது, தாழ்ந்தது என்று ஒரு தரவரிசை எப்போதும் உண்டு. அடிமட்டத்தில் இருக்கும் பள்ளி என்றால் அடிதடிப் பையன்களின் கூடாரம் என்று கதைகளில் ஒரு மரபே உருவாகிவிட்டது. குரோமார்ட்டி பிறந்த இடம் அதுதான்.

வாசலில் வெளிச் செருப்பைக் கழற்றி, உள்ளே போட்டுக்கொள்ளும் ஷூவுக்கு மாறுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன ஷூ பெட்டி. காதல் கடிதம் வைப்பது அந்தப் பெட்டிக்குள்தான். ஆசிரியர் வகுப்புக்குள் வந்ததும் "எழுந்திரு, வணங்கு, உட்கார்" என்று ஒரு மாணவன் குரல் கொடுப்பான். புதிதாக மாற்றலாகி வரும் மாணவி கரும்பலகை முன்னால் நின்று தன்னை அறிமுகம் செய்துகொள்வாள். கதாநாயகன் ஜன்னலோரம் கடைசிப் பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். மதியச் சாப்பாட்டுக்கு மொட்டைமாடி. நிஜப் பள்ளிகளில் அந்த மாடிக் கதவு பெரும்பாலும் பூட்டியே கிடக்கும் என்பது வேறு விஷயம். அனிமேயில் மட்டும் அது யாருக்காகவும் திறந்திருக்கும்.

இந்த வழக்கங்களை எல்லாம் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒன்றே ஒன்றை எடுத்து, பகடி அதை என்ன பாடு படுத்துகிறது என்று பாருங்கள். நான் எல்லோருக்கும் முதலில் காட்டுவது ஷூ பெட்டியைத்தான். 2003-ல் வந்த 'ஃபுல் மெட்டல் பேனிக்? ஃபுமோஃபு' தொடரில் சகாரா சோசுகே போர்க்களத்திலேயே வளர்ந்த பையன். ஒருநாள் காலையில் தன் ஷூ பெட்டியை யாரோ திறந்திருப்பதாக அவனுக்குச் சந்தேகம். உள்ளே வெடிகுண்டு இருக்கும் என்று முடிவுகட்டி, பெட்டியையே வெடிவைத்துத் தகர்த்துவிடுகிறான். உள்ளே இருந்தது ஒரு பெண்ணின் காதல் கடிதம். எரிந்து மிஞ்சிய துண்டுகளைப் பொறுக்கி வாசித்து, இது கொலை மிரட்டல் என்று தீர்மானித்து, அவள் வரச்சொன்ன இடத்தில் பதுங்கி உட்கார்கிறான்.

இதில் சோசுகே முட்டாள் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவன் வளர்ந்த உலகத்தின் கணக்குப்படி அவன் செய்வது நூற்றுக்கு நூறு சரி. தவறான இடத்தில் சரியான கணக்கு. இனி நீங்கள் பார்க்கப்போகும் எல்லாத் தொடர்களிலும் இது வேறு வேறு வேடத்தில் வந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு சின்ன உதாரணம், எனக்கு ரொம்பப் பிடித்தது. அனிமேயில் பள்ளி மாணவர்களுக்கு நீலத் தலைமுடி, இளஞ்சிவப்புத் தலைமுடி எல்லாம் சர்வசாதாரணம். யாரும் கேட்பதில்லை. 2016-ல் அனிமேயாக வந்த சைக்கி குசுவோவின் கதை அதற்கு ஒரு காரணம் சொல்கிறது: எல்லாச் சக்தியும் படைத்த சைக்கிக்குப் பிறவியிலேயே இளஞ்சிவப்பு முடி. மற்றவர்கள் வித்தியாசமாகப் பார்க்கக்கூடாதே என்று உலகத்து மக்களின் மனதையே மாற்றி, எந்த நிறத் தலைமுடியும் இயல்புதான் என்று ஆக்கிவிட்டான். ஒரு வகை அனிமேயின் மொத்த வழக்கத்தையும் ஒரே வரியில் கேள்வி கேட்டாயிற்று, பதிலும் சொல்லியாயிற்று.

படி 2: போக்கே யார், ட்சுக்கோமி யார் என்று பிரித்துப் பாருங்கள்

ஜப்பானில் இருவர் மேடையில் நின்று வேகமாகப் பேசிச் சிரிக்கவைக்கும் கலைக்கு மன்ஸாய் என்று பெயர். அதன் தலைநகரம் ஒசாகா. 1912-ல் அங்கே தொடங்கிய யோஷிமோட்டோ நிறுவனம்தான் இன்றைக்கும் அந்தத் துறையின் பெரிய கை. மேடையில் ஒருவர் போக்கே: சம்பந்தமில்லாததை உளறுவார். மற்றவர் ட்சுக்கோமி: "என்னய்யா பேசுற!" என்று உடனே வெட்டுவார், சில சமயம் தலையில் ஒரு தட்டும் தட்டுவார். சிரிப்பு வெடிப்பது பெரும்பாலும் அந்த வெட்டில்தான். பார்ப்பவர் மனதில் இருப்பதை ட்சுக்கோமி சத்தமாகச் சொல்லிவிடுகிறார்.

பள்ளி நகைச்சுவை அனிமே முழுவதும் இந்த இரண்டு வேடங்களில் ஓடுகிறது. எந்தத் தொடரைத் தொடங்கினாலும் முதல் பத்து நிமிடத்தில் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இங்கே வெட்டுகிற வேலை யாருடையது?

வெட்டுபவர் வெளிப்படையாக இருந்தால் அந்தத் தொடருக்குள் நுழைவது சுலபம். மனதுக்குள் மட்டும் வெட்டினால் (சைக்கி அப்படித்தான், வாயே திறக்க மாட்டான்) இன்னும் கொஞ்சம் வறட்டுச் சிரிப்பாக இருக்கும். ஆளே இல்லையென்றால் அதுதான் முழு அபத்தம். அங்கே ட்சுக்கோமி வேலையை நாம் செய்ய வேண்டும். என் தங்கை அறியாமலே செய்தது அதைத்தான்.

இந்த இலக்கணத்தையே கேலி செய்யும் பாத்திரங்களும் உண்டு. 'அசுமாங்கா டாயோ'வில் (அனிமே 2002, அதன் மூலமான மங்கா, அதாவது சித்திரக்கதை, 1999 முதல் 2002 வரை) ஒசாகாவிலிருந்து ஒரு பெண் மாற்றலாகி வருகிறாள். ஒசாகாக்காரர்கள் என்றால் படபடவென்று பேசுவார்கள், சிரிக்கவைப்பார்கள் என்று வகுப்பே காத்திருக்கிறது. அவளோ கனவில் நடப்பவள்போல ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் இடையில் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஊர்ப் பெயரே பட்டப்பெயராகி, எல்லோரும் அவளை ஒசாகா என்றே கூப்பிடுகிறார்கள். ஒசாகா எதற்குப் பெயர் போன ஊர் என்று தெரியாவிட்டால் இந்த மொத்தப் பாத்திரமும் 'மந்தமான ஒரு பெண்' என்று மட்டும் தெரியும். தெரிந்தவர்களுக்கு அவள் வாயைத் திறக்காமல் நிற்பதே நகைச்சுவை.

அசுமாங்கா நான்கு கட்டச் சித்திரமாக வெளிவந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். யோன்கோமா என்பார்கள். தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிவு என்று நான்கு கட்டத்துக்கும் ஒரு வேலை உண்டு. பள்ளி நகைச்சுவை அனிமேக்கள் ஏன் நீளமான கதையாக இல்லாமல் துண்டுதுண்டாக வெட்டி வெட்டிப் போகின்றன என்ற குழப்பம் இதைத் தெரிந்துகொண்டதும் போய்விடும். ஒவ்வொரு துண்டையும் தனிச் சிறுகதையாகப் பாருங்கள். "கதை எங்கே போகுது?" என்று தேடாதீர்கள்.

படி 3: குரோமார்ட்டியில் ஒரு வாரம் தங்குங்கள்

இனி முக்கியமான பாடம். 'சாகிகாகே!! குரோமார்ட்டி கோக்கோ', நோனாகா எய்ஜியின் மங்கா. 2000 முதல் 2006 வரை வார இதழில் ஓடியது, 2002-ல் கோதான்ஷா மங்கா விருது வாங்கியது. அனிமே 2003 அக்டோபரில் தொடங்கியது. இயக்குநர் சகுராய் ஹிரோவாக்கி, தயாரிப்பு புரொடக்‌ஷன் ஐ.ஜி. 26 எபிசோடு, ஒவ்வொன்றும் சுமார் 12 நிமிடம்தான்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். 'சாகிகாகே!!' என்ற முன்னொட்டு, 1980-களில் ஆண்மை, வீரம், தியாகம் என்று முழங்கிய 'சாகிகாகே!! ஒத்தோக்கோஜுக்கு' என்ற மங்காவின் தலைப்பிலிருந்து வந்தது. அந்தத் தலைமுறை ரௌடிப் பள்ளிக் கதைகளில் ஒரே சட்டகம்தான்: முன்முடியை ஊதிப் புடைக்கவைத்த ரீஜென்ட் தலை, முழங்கால் வரை தொங்கும் கறுப்புக் கோட்டு, குத்தவைத்து உட்கார்ந்து முறைக்கும் பையன்கள், பள்ளிக்கு ஒரு தலைவன், பக்கத்துப் பள்ளியோடு ஆற்றங்கரையில் சண்டை, சண்டை முடிந்ததும் நட்பு. குரோமார்ட்டி அந்தச் சட்டகத்தை அப்படியே, ஒரு ஆணிகூடக் கழற்றாமல் எடுத்துக்கொள்கிறது. முகங்கள்கூட அதே கனத்த நிழல்களோடு, அதே வீரக்களையோடு வரையப்பட்டிருக்கின்றன. உள்ளே வைக்கும் பொருளைத்தான் மாற்றியிருக்கிறார்கள்.

அப்புறம் 'குரோமார்ட்டி'. அது வாரன் குரோமார்ட்டி என்ற அமெரிக்க பேஸ்பால் வீரரின் பெயர். 1984 முதல் 1990 வரை டோக்கியோவின் யோமியுரி ஜயன்ட்ஸ் அணிக்கு ஆடியவர். எதிரிப் பள்ளிகளின் பெயரும் அப்படியே: ஹான்ஷின் டைகர்ஸின் ராண்டி பாஸ் பெயரில் ஒன்று, செய்பு லயன்ஸின் டெஸ்ட்ராடே பெயரில் ஒன்று. ஒரு காலத்து ஜப்பானியச் சிறுவர்கள் தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டிய வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் பெயர்களை ரௌடிப் பள்ளிகளுக்கு வைத்துவிட்டு, அதற்கு எந்த விளக்கமும் சொல்லாமல் போகிறார்கள். 2005-ல் இது நடிகர்களை வைத்துப் படமாக வந்தபோது, உண்மையான குரோமார்ட்டி அதை நிறுத்தச் சொல்லி நீதிமன்றம் போனார்.

கதை இதுதான்: காமியாமா தகாஷி ஒழுங்கான, நன்றாகப் படிக்கிற, மரியாதையாகப் பேசுகிற பையன். நாட்டிலேயே மோசமான பள்ளியில் வந்து சேர்கிறான். அவனுடன் மோஹாக் தலைமுடிக்கார ஹயாஷிதா. இன்னும் சற்றுத் தள்ளி மாயேதா. வகுப்பில் ஒரு மாணவர் மேல்சட்டை இல்லாமல், பெரிய மீசையோடு, குவீன் இசைக்குழுவின் ஃபிரெடி மெர்குரியைப்போலவே இருக்கிறார். ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர் உண்மையான பெயர் யாருக்கும் தெரியாததால் எல்லோரும் ஃபிரெடி என்கிறார்கள். ஒரு கொரில்லாவும் பள்ளிக்கு வருகிறது. முதலாம் ஆண்டு மாணவர்களின் தலைவன் தாகேனோச்சி எதற்கும் அஞ்சாதவன், ஆனால் வண்டி ஏறினால் வாந்தி. அதை வெளியே தெரியாமல் காப்பதுதான் அவனுடைய வாழ்நாள் போராட்டம். பிற்பாடு ஒரு விமானக் கடத்தல்காரன் முகமூடியோடு அவன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட, 'முகமூடித் தாகேனோச்சி' என்று அவனும் வகுப்போடு கலந்துவிடுகிறான்.

இப்போது பயிற்சி. மெக்காசாவா வரும் ஏதாவது ஒரு காட்சியை இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை அவனை மட்டும். இரண்டாம் தடவை அவனை விட்டுவிட்டு, சுற்றி நிற்பவர்களை. காமியாமாவும் ஹயாஷிதாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். சொல்லலாமா? வேண்டாமா? மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லையே, நமக்கு மட்டும்தான் அப்படித் தெரிகிறதா? அந்த மௌனத்தின் நீளத்தைக் கவனியுங்கள். வேறொரு தொடராக இருந்தால் அங்கே பின்னணி ஒலியோ, வியர்வைத் துளியோ, அலறலோ வரும். இங்கே எதுவும் வராது. பள்ளிக் கூரை தெரியும், சில நொடிகள் போகும், அடுத்த காட்சி தொடங்கிவிடும்.

சபையில் எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் சொல்லாமல் இருப்பது ஜப்பானிய வாழ்க்கையில் பெரிய விஷயம். 'காற்றை வாசிப்பது' என்று அதற்கு ஒரு சொல்வழக்கே இருக்கிறது. இடம் பொருள் அறிந்து வாயை மூடிக்கொள்வது நல்ல பழக்கம் என்று சிறுவயதிலிருந்தே ஊட்டப்படுகிறது. அந்த நல்ல பழக்கம் ஒரு தகர உருளையின் முன்னால் வந்து நிற்கும்போது என்ன ஆகும் என்பதைத்தான் நாம் பார்க்கிறோம். நான் பார்த்த பகடிகளிலேயே இவ்வளவு ஆழமாகக் கடித்த பல் வேறு இல்லை. அதுவும் 12 நிமிடத்தில்.

ஒரே மூச்சில் பத்து எபிசோடு பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு போதும், மூன்று உச்சம். ஒரே மாதிரியான மௌனத்தை அடுக்கினால் அது மரத்துப்போகும்.

படி 4: சின்ன விஷயம் பூதாகரமாவதைப் பழகுங்கள்

குரோமார்ட்டி பெரிய விபரீதத்தை முகம் மாறாமல் சின்னதாக்கியது. 'நிச்சிஜோ' அதற்கு நேர் எதிர்த் திசை. அராவி கேயிச்சியின் மங்கா, 2011-ல் கியோட்டோ அனிமேஷன் 26 எபிசோடாக எடுத்தது, இயக்கம் இஷிஹாரா தாட்சுயா. தலைப்பின் பொருள் 'அன்றாடம்'.

முதல் எபிசோடிலேயே ஒரு காட்சி இருக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரம். யூக்கோ என்ற மாணவியின் டப்பாவில் ஆக்டோபஸ் வடிவத்தில் வெட்டிய ஒரு சாஸேஜ். அது நழுவிக் கீழே விழப்போகிறது. அவ்வளவுதான் சம்பவம். அந்தச் சாஸேஜ் தரையைத் தொடுவதற்குள் உலகப் போர் ஒன்று நடந்து முடிகிற அளவுக்கு இசை எழும்புகிறது, கேமரா சுழல்கிறது, அவள் பாய்கிறாள். ஒரு சண்டைப் படத்தின் உச்சக்காட்சிக்கு எவ்வளவு உழைப்பைக் கொட்டுவார்களோ, அவ்வளவும் ஒரு சாஸேஜுக்கு. வரைந்தவர்கள் இதைக் கிண்டலாக, ஏனோதானோவென்று வரைந்திருந்தால் சிரிப்பே வந்திருக்காது. அவர்கள் உயிரைக் கொடுத்து வரைந்திருக்கிறார்கள்.

இதே நிறுவனம்தான் முதலில் சொன்ன ஃபுமோஃபுவையும் எடுத்தது. அதை இயக்கிய தாக்கேமோட்டோ யசுஹிரோ, 2019 ஜூலை 18 அன்று அந்த நிறுவனத்தில் நடந்த தீவைப்பில் இறந்த 36 பேரில் ஒருவர். அந்த ஷூ பெட்டிக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

நிச்சிஜோவில் தலைமையாசிரியர் பள்ளி முற்றத்தில் ஒரு மானோடு மல்லுக்கட்டும் காட்சி பிரபலம். வழுக்கைத் தலை, கோட்டு சூட்டு, வயதான மனிதர். மானைப் பின்னாலிருந்து இறுக்கி, மல்யுத்த வீரர் மாதிரி அப்படியே பின்பக்கம் சாய்த்து எறிகிறார். ஜன்னல் வழியே அதைப் பார்த்துவிட்ட மாணவிக்கு, தான் என்ன பார்த்தோம் என்று யாரிடமும் சொல்ல வழியில்லை. அவள் முகம்தான் நம் முகம்.

பகடியாக இதில் கூர்மையானது மிசாத்தோவும் சாசாஹாராவும். பிடித்தவன் எதிரில் வந்தால் வெட்கத்தில் சிடுசிடுக்கும் பெண் என்பது அனிமேயில் தேய்ந்துபோன வகை. மிசாத்தோ வெட்கப்படும்போது எங்கிருந்தோ துப்பாக்கி முளைக்கிறது, ராக்கெட் லாஞ்சர் முளைக்கிறது, சுட்டும் விடுகிறாள். சாசாஹாரா விவசாயி வீட்டுப் பையன், ஆனால் பிரபு குடும்பத்து வாரிசுபோல ஆட்டின் மேல் ஏறிப் பள்ளிக்கு வருவான். குண்டு பட்டும் சட்டை கசங்காத தோரணையில் பதில் சொல்வான். வழக்கமான காதல் காட்சியில் 'வார்த்தையால் சுடுவது' என்று நாம் சொல்வதை இங்கே நிஜமாகவே செய்துவிடுகிறார்கள்.

இங்கும் ஒரு ரோபோ மாணவி உண்டு, நானோ. முதுகில் பெரிய சாவி சுழன்றுகொண்டே இருக்கும். தான் ரோபோ என்று யாருக்கும் தெரியக்கூடாது என்று அவள் படும் பாடு கொஞ்சமல்ல. மெக்காசாவாவுக்குத் தன்னைப் பற்றிச் சந்தேகமே இல்லை, சுற்றியிருப்பவர்கள் தவிக்கிறார்கள். நானோவோ தானே தவிக்கிறாள். ஒரே வேடிக்கையை இரண்டு பக்கமிருந்தும் பார்த்தாயிற்று. ஆனால் நானோவைப் பார்த்துச் சிரிக்கும்போது மனதில் லேசாக ஏதோ பிசையும். மெக்காசாவாவிடம் அது இல்லை. எது உசத்தி என்று என்னிடம் கேட்டால், சிரிப்புக்கு மெக்காசாவா, திரும்பத் திரும்பப் பார்க்க நானோ.

படி 5: கனவுக் காட்சிகள் உடையும் இடம்

தாகாமாட்சு ஷிஞ்சி என்ற இயக்குநரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். 2012-ல் 'தான்ஷி கோக்கோசெய் நோ நிச்சிஜோ', 2015-ல் மாயசக்திச் சிறுமிகளின் வேடத்தைப் பையன்களுக்கு மாட்டிவிட்ட 'பினான் கோக்கோ', 2016-ல் 'சாகாமோட்டோ தெசு கா?'. இந்த மூன்றிலும் அவருடைய கை ஒன்றுதான்: அழகான ஒரு காட்சியை மிக அழகாகவே கட்டி எழுப்புவார், பிறகு அதை உடைப்பார், அல்லது கடைசிவரை உடைக்கவே மாட்டார்.

தான்ஷியில் ஆற்றங்கரைக் காட்சியை மட்டும் பார்த்தாலே போதும். மாலை வெயில். ஹிதேனோரி என்ற மாணவன் புல்லில் உட்கார்ந்து வாசிக்கிறான். சற்றுப் பின்னால் ஒரு பெண், கையில் புத்தகம், வந்து உட்கார்கிறாள். யாரும் பேசவில்லை. அவள் ஏதோ எதிர்பார்க்கிறாள் என்று அவனுக்குப் புரிகிறது. கதைகளில் வருவதுபோல, காற்று வீசும் கரையில் ஒரு மர்மமான சந்திப்பு. அவள் மனம் நோகக்கூடாதே என்று, கூசிக்குறுகி, "இன்று காற்று ரொம்ப ஆர்ப்பரிக்கிறது" என்கிற மாதிரி ஒரு வசனத்தை விடுகிறான். அவளும் விடவில்லை: ஆனால் இந்தக் காற்று அழுகிறது என்கிறாள். அவனுக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசுகிறது, எழுந்து போகவும் முடியவில்லை. அந்த நேரம் பார்த்து அவன் நண்பன் வந்து, நிலைமையை ஒரே பார்வையில் புரிந்துகொண்டு, ஊருக்குள் காற்று ஏதோ கெட்டதைக் கொண்டுவந்துவிட்டது, சீக்கிரம் வா என்கிறான். அவள் கண் விரிகிறது. கதை தொடங்கிவிட்டது! அப்போது மூன்றாமவன் மூச்சிரைக்க ஓடி வருகிறான்: பக்கத்துக் கடையில் உருளைக்கிழங்கு பாதி விலையாம்.

அந்தப் பெண் அதன்பின் என்ன செய்கிறாள் என்பதை நீங்களே பாருங்கள். நான் சொல்ல வருவது வேறு. அந்த முதல் இரண்டு நிமிடம் உண்மையிலேயே அழகாக இருக்கிறது. வெளிச்சமும் புல்லும் இசையும் ஒரு காதல் படத்துக்கு உரியவை. அதை அவ்வளவு அக்கறையாகக் கட்டியதால்தான் உருளைக்கிழங்கு அவ்வளவு கனமாக வந்து விழுகிறது.

'சாகாமோட்டோ தெசு கா?'வின் நாயகன் சாகாமோட்டோ உடையவே மாட்டான். பொறாமைப்பட்ட பையன்கள் வைக்கும் பொறி ஒவ்வொன்றிலிருந்தும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே நழுவுவான். வகுப்புக்குள் புகுந்த குளவியோடு, வட்டம் வரையும் காம்பஸைக் கையில் பிடித்து வாள்சண்டை போடுவான். அவன் செய்யும் வித்தைக்குத் திரையில் பெயரும் எழுதிக் காட்டுவார்கள், சண்டை அனிமே மரபுப்படி. 'எதிலும் சிறந்த கதாநாயகன்' என்ற வழக்கத்தை மறுக்காமல், முடிந்தவரை நீட்டிக்கொண்டே போய்க் கிறுக்குத்தனமாக ஆக்கும் வித்தை இது. எனக்கு முதல் சில எபிசோடுகள்தான் உயரத்தில் நிற்கின்றன, பாதிக்கு மேல் வேகம் குறைகிறது. நாலைந்து பார்த்துவிட்டு நிறுத்தினாலும் நஷ்டமில்லை.

படி 6: காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்

ஜப்பானியக் குரலில், சப்டைட்டிலோடு பாருங்கள். அதற்குக் காரணம் மெக்காசாவாவுக்குக் குரல் கொடுத்த வகாமோட்டோ நோரியோ. மிரட்டும் வில்லன்களுக்குப் பெயர் போன குரல் அது. ஜப்பானிய ரசிகர்கள் அந்தக் குரலைக் கேட்டதும் எழுந்து நிற்பார்கள். அந்த மதிப்பு முழுவதையும் தூக்கித் தகர உருளைக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

பெயர்களில் சிலேடை இருக்கும், சப்டைட்டிலில் அது கரைந்துபோகும். இந்த வகைக்கு முன்னோடிகளில் ஒன்றான, 1985-ல் அனிமேயாக வந்த 'ஹைஸ்கூல்! கிமென்குமி'யின் நாயகன் பெயர் இச்சிதோ ரெய். வகுப்பில் ஆசிரியருக்கு வணக்கம் சொல்லும்போது 'எல்லோரும் வணங்குங்கள்' என்பதும் 'இச்சிதோ, ரெய்' என்றே ஒலிக்கும். நாயகி கவா யுய், வேகமாகச் சொன்னால் 'கவாயீ', அழகு. ஒரு பாத்திரத்தின் பெயர் விசித்திரமாகத் தோன்றினால் அரை நிமிடம் நிறுத்தி, சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். அங்கே ஏதாவது ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

திரையில் ஓடும் எழுத்தையும் விடாதீர்கள். 2005-ன் 'பனி போனி டாஷ்!' போன்ற ஷாஃப்ட் நிறுவனத் தொடர்களில் கரும்பலகை முழுக்கக் கிண்டல் எழுதிவைத்திருப்பார்கள், கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். ஆனால் அதைப் புதியவர்களுக்கு நான் சொல்வதில்லை. அன்றைய ஜப்பானியத் தொலைக்காட்சியைத் தெரிந்தவர்களுக்கான விருந்து அது.

படி 7: பார்க்கும் வரிசை

முதல் நாள் ஃபுமோஃபுவின் முதல் எபிசோடு. அதில் வெட்டுபவள் வெளிப்படையாக இருக்கிறாள், பயமில்லை. அடுத்து தான்ஷியில் இரண்டு மூன்று எபிசோடு. பிறகு நிச்சிஜோ, நாளுக்கு ஒன்று, ஒரு வாரம். அதன்பின்தான் குரோமார்ட்டி. நேராகக் குரோமார்ட்டியில் குதித்தவர்களில் பாதிப் பேர் திரும்பி ஓடிவந்ததைப் பார்த்திருக்கிறேன். இடையில் அசுமாங்காவை இரவு தூங்குமுன் ஒரு எபிசோடு வைத்துக்கொள்ளுங்கள், அது அவசரமே இல்லாத தொடர்.

தனியாகப் பார்ப்பதைவிட இன்னொருவரோடு பாருங்கள். ட்சுக்கோமி இல்லாத கதைக்குப் பக்கத்தில் ஒரு ட்சுக்கோமி இருந்தால் சிரிப்பு இரட்டிப்பாகும். விளக்கம் மட்டும் சொல்லாதீர்கள். என் தங்கை கேட்ட கேள்விக்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை, அவளாகவே ஐந்தாவது எபிசோடில் சிரிக்கத் தொடங்கினாள்.

கடைசியாக, 2024 ஜூலையில் வந்த 'ஷிக்கானோகோ'. டோக்கியோவின் ஹினோ நகரத்தில் ஒரு பள்ளி. கோஷி தோராகோ ஒரு காலத்தில் ரௌடிப் பெண், இப்போது அதை மறைத்து முதல்தர மாணவியாக வலம் வருகிறாள். ஒருநாள் பள்ளிக்குப் போகும் வழியில் நிமிர்ந்து பார்த்தால், மின்கம்பியில் மான் கொம்பு மாட்டிக்கொண்டு ஒரு பெண் தொங்குகிறாள். கொம்பு அவள் தலையிலேயே முளைத்தது. அந்த இடத்தில் ஒலியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். தோராகோ கத்துவதற்கு முன்னால் உங்கள் வாயிலிருந்து "ஏய், என்ன இது!" வருகிறதா என்று பாருங்கள்.